வெட்டுக்கிளியின் காய்ச்சல்

குளிர்கைக்காரி தொட்டால் யாருக்கும் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கிய சூடு அவள் உள்ளங்கைக்கு வரும். வாளித் தண்ணீரில் கையை விட்டால் தண்ணீர் கொதிக்கும், அவ்வளவுதான். தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் வியாபாரம் படுத்துவிட்டதென்று முணுமுணுப்பார்.

அவளுடைய ஒரே மகள்தான் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சையை வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. மூன்று வருடமாக அம்மாவின் சோளத்தை வெட்டுக்கிளிகள் மொட்டையடித்தன. நான்காம் வருடமும் போனால் நிலத்தை விற்றுவிடுவதென்று முடிவாகியிருந்தது. மகள் பூஞ்சைத் தூளைக் கொண்டுவந்து தெளித்தாள். ஆய்வுக்கூடத்தில் ஒரே வாரத்தில் வெள்ளை பூத்துச் செத்த பூச்சிகள் வயலில் சாகவில்லை. பூஞ்சை உடம்புக்குள் முளைத்ததும் அவை சோளத் தோகையின் நுனிக்கு ஏறி வெயிலில் காய்ந்தன. உடம்பு நாற்பது டிகிரி சுட்டது, பூஞ்சை அடங்கியது, இறங்கி வந்து மறுபடி தின்றன.

"தூள்ல குறையே இல்லம்மா. நம்ம ரூம்ல இருபத்தஞ்சு டிகிரில எல்லாம் செத்துச்சே," என்றார் ஆய்வுக்கூட மேலதிகாரி.

"வெட்டுக்கிளிக்கு யார் சார் ஏசி போட்டுத் தர்றது? வயல்ல வந்து நில்லுங்க, உங்களுக்கே காய்ச்சல் வரும்!" என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, நடந்ததை அம்மாவிடம் கொட்டினாள்.

அம்மா எழுந்துவிட்டாள். "இத்தன ஜீவன் காய்ச்சலோட கெடக்குதா? முதல்லயே சொல்ல மாட்டியாடி?"

மகள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை. "அம்மா, அந்தக் காய்ச்சல்தான் அதுங்களுக்கு மருந்து. நீ எடுத்தா செத்துரும்."

அம்மா வரப்புவரை நடந்து, அரிபட்டுக் கிடந்த தோகைகளைப் பார்த்தாள். பிறகு, "மூணு வருஷமா தின்னுச்சுங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச்சா?" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினாள்.

எட்டு நாள், உச்சி வெயிலில், தோகை தோகையாகப் போய் வெட்டுக்கிளிகளைத் தொட்டாள். தொடும் ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டதால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. நாளொன்றுக்குப் பதினோரு வாளித் தண்ணீர் கொதித்தது. ஒன்பதாம் நாள் வெட்டுக்கிளிகள் தோகைகளைக் கட்டிக்கொண்டபடியே வெள்ளை பூத்துக் கிடந்தன. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சோளம் பால் பிடித்தது, நிலம் விற்காமல் நின்றது.

மகள் எழுதிய அறிக்கையில் 'வெப்பம் தணித்த முறை' என்ற கட்டத்தில் 'என் அம்மா' என்று இருந்தது. மேலதிகாரி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார். அடுத்த பருவத்துத் துண்டறிக்கையில், தூளை வெயில் தாழத் தெளிக்கவும், காய்ச்சலை இறக்க ஆள் இல்லாத வயல்களில் பலன் குறையலாம் என்று அச்சிட்டிருந்தார்கள்.