ஐந்து வாட் போதும்

எங்கள் ஊரில் கிட்டார் வாசிக்க இடம் கொடுக்கும் ஓட்டல்கள் மொத்தம் மூன்று. முதல் ஓட்டலில் எங்களைப் பாதிப் பாட்டில் நிறுத்தினார்கள். இரண்டாவதில் பாட்டை முடிக்கவிட்டு, கைதட்டிவிட்டு, "இனிமே வராதீங்க" என்று மரியாதையாகச் சொன்னார்கள். மிச்சம் இருந்தது ஒன்று. அதுவும் போனால் என் கணவரும் நாத்தனாரும் எங்கள் சமையலறையில்தான் கச்சேரி செய்ய வேண்டும். கேட்பதற்கு நான் ஒருத்திதான் இருப்பேன். நானும் அப்படியொன்றும் நல்ல ரசிகை இல்லை.

என் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஓய்வு நேரத்தில் கிட்டார். அவர் தங்கை பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களை வரிசைப்படுத்துகிறாள். ஓய்வு நேரத்தில் பாட்டு. நான் பழைய ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சரிசெய்கிறேன். எனக்கு ஓய்வு நேரம் கிடையாது, இவர்கள் இருவரும் இருப்பதால்.

இரண்டு இடத்திலும் துரத்தப்பட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: சத்தம். என் கணவரிடம் இருந்தது நாற்பது வாட் ஆம்ப். பாட்டுக்குப் பாட்டு ஒரு கை பின்னால் போகும், சத்தக் குமிழைத் திருகும். கேட்டால் "கொஞ்சம்தான் ஏத்தினேன்" என்பார். அவரோடு வாசித்துப் பார்த்த பாடகர்களும் டிரம்காரர்களும் அவருக்கு 'கொஞ்சம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஓட்டலின் முதலாளியம்மா முதல் மேசையிலேயே உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுப்பவர். வாசிக்கும் மூலைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் நான்கு தப்படி. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்ன வேணா வாசிங்க. போன்ல பேசறவங்க என்ன கேக்கறாங்கன்னு எனக்குப் புரியணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கடை திறக்க ஒரு மணி நேரம் முன்னாடி வாங்க. அப்பவே போன் வர ஆரம்பிச்சிடும். பாத்துக்கலாம்."

வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னாள்: "அண்ணா, இதுவும் போச்சுன்னா நான் பாட்டை விட்டுட்டு நீச்சல் கத்துக்கறேன். அங்கயாவது தண்ணிக்குள்ள உன் கிட்டார் கேக்காது."

அன்றே சின்ன ஆம்ப் ஒன்று வாங்குவது என்று முடிவானது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில்.

இவர்கள் முதல் பாதியில் ஜாஸ் வாசிப்பார்கள், மறு பாதியில் புளூஸ். ஒரே ஆம்ப் இரண்டுக்கும் வேண்டும், அங்கேதான் சிக்கல். வால்வு ஆம்ப்பை, அதாவது பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழல்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பை, ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி அலை என்பது அதன் வழியே போகிற ஆள். ஆள் குட்டையாக இருந்தால் நிமிர்ந்து போவார். சுரம் சுத்தமாகக் கேட்கும். நெட்டையாக இருந்தால் குனிய வேண்டும். அப்போது சுரம் சற்றே கரகரக்கும். வால்வின் அழகு என்னவென்றால், அதன் நிலையின் மேல்கட்டையில் மெத்தை வைத்துத் தைத்திருக்கிறது. தலை இடிக்காது, பதமாகக் குனிய வைக்கும். புளூஸ்காரர்கள் உயிரை விடுவது அந்தக் கரகரப்புக்குத்தான். ஜாஸில் நான்கைந்து சுரங்களை ஒரே நேரத்தில் மீட்டுவார்கள். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக்கொண்டு வாசலுக்கு வருவதுபோல. எல்லோரும் நிமிர்ந்தே போக வேண்டும் என்றால் வாசல் உயரமாக இருக்க வேண்டும். அந்த உயரம்தான் வாட்.

பழைய ஆம்ப் விற்கும் கடைக்காரர் மூன்று பெட்டிகளைக் காட்டினார். எல்லாம் அலமாரியில் வரிசையாக இருந்தன. இருபது வாட், ஐந்து வாட், ஒரு வாட்.

கணவர் நேராக இருபதிடம் போனார். ஜாஸ் சங்கதிகள் கண்ணாடி மாதிரி வந்தன. கரகரப்பு வரட்டும் என்று குமிழைத் திருகத் திருக, கடைக்காரர் ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார், கடைசியில் தன் காதையும் சாத்தினார். கரகரப்பு அப்போதுதான் எட்டிப் பார்த்தது.

"இதுக்கு ஓட்டல் பத்தாது. மைதானம் வேணும்," என்றேன்.

ஒரு வாட்டில் நேர்மாறு. மெல்ல மீட்டினாலே கரகரத்தது. நான்கு சுரத்தைச் சேர்த்து மீட்டினால் யார் யார் என்றே தெரியவில்லை.

"தொண்டை கட்டின தவளை," என்றாள் நாத்தனார்.

"அஞ்சு ரொம்பச் சின்னதா இருக்கே. இருபதுல நாலுல ஒரு பங்குதானே?" என்றார் கணவர்.

"வாட்டுல அப்படி. காதுல அப்படி இல்லீங்க. பத்து மடங்கு வாட் ஏத்தினாத்தான் காதுக்கு ரெண்டு மடங்கா தெரியும். இருபதுக்கும் அஞ்சுக்கும் நீங்க நினைக்கிற அளவு தூரம் கிடையாது," என்றேன்.

"அப்ப நான் நாற்பது வாட் வச்சிக்கிட்டு இருந்தது?"

"தூக்கிட்டு அலைஞ்சது மிச்சம்," என்றார் கடைக்காரர். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

ஐந்து வாட் வீட்டுக்கு வந்தது. என் வேலை மேசைமேல் வைத்து, ஒரு வால்வை மாற்றி, மூன்று நாள் சோதித்தேன். குமிழ் நான்கில் நின்றால் மெல்லத் தொட்டால் சுத்தம், அழுத்தி மீட்டினால் கரகரப்பு. இரண்டு பாதிக்கும் அதே இடம் போதும். எனக்கு என்மேல் எவ்வளவு மதிப்பு கூடியது என்றால், ஞாயிறு காலை நானே காபி போட்டு நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன்.

ஓட்டல் மூலையில் ஆம்ப்பைத் தரையில் வைத்தோம். கணவர் அதற்கு முன்னால் நின்றார், நாத்தனார் பக்கத்தில் மைக்கோடு. முதல் பாட்டு ஆரம்பித்து அரை நிமிடம் ஆகவில்லை, முதலாளியம்மா ஒரு காதைப் பொத்தினார். கணவரின் கையோ பின்னால் போனது. குமிழ் நான்கிலிருந்து ஐந்துக்கு, ஐந்திலிருந்து ஆறுக்கு.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"எனக்கே கேக்கல. கம்பளிக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு. நீ என்னமோ வால்வை மாத்தினியே, அதுல ஏதாவது..."

"கம்பளியா?" என்றார் முதலாளியம்மா. "எனக்கு இங்க தட்டு உடையற மாதிரி இருக்கு."

போன் அடித்தது. எடுத்தார். "என்ன? எத்தனை பேருக்கு?" என்று மூன்று முறை கேட்டார். பிறகு வைத்துவிட்டார். "அவங்களே வச்சிட்டாங்க," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நாத்தனார் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். "அண்ணி, ஏதாவது பண்ணுங்க."

இருவருமே பொய் சொல்லவில்லை. ஒரே பெட்டி, ஒருவருக்குக் கம்பளி, இன்னொருவருக்குத் தட்டு. கணவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் போய் அவர் முழங்காலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தேன். காதில் ஊசி ஏறியது. அப்படியே மெல்ல எழுந்தேன். இடுப்பு உயரத்தில் ஊசி மழுங்கியது. நிமிர்ந்து நின்றபோது கம்பளி.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து கனத்த ஒலி, குண்டு பல்பின் வெளிச்சம்போல எல்லாப் பக்கமும் பரவும். கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி. நேர் எதிரே மட்டும் போகும். தரையில் வைத்த ஆம்ப்பின் டார்ச் என் கணவரின் கால்களுக்கு நடுவே புகுந்து, உட்கார்ந்திருக்கிற முதலாளியம்மாவின் காதில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நின்றிருந்தவர் காதுக்கு ஒன்றும் வரவில்லை. அதனால் ஏற்றினார். பத்து வருடமாக அதனால்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் என் தொழில். ஆம்ப் சரிசெய்கிறவர்கள் அதை மேசைமேல், மூக்குக்கு நேராக வைத்துத்தான் கேட்போம். கடைக்காரர் அலமாரியில் வைத்துக் கேட்பார். வாசிக்கிறவர் ஒருவர்தான் முழங்காலால் கேட்கிறார்.

"மன்னிச்சுக்கோங்க," என்றேன்.

"யார்கிட்ட சொல்ற?" என்றார் கணவர்.

"உங்ககிட்டதான்."

அவர் நாத்தனாரைப் பார்த்தார், சாட்சிக்கு.

இரண்டாம் மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தேன். கணவருக்கு முன்னால், இரண்டு தப்படி தள்ளிப் போட்டேன். ஆம்ப்பை அதன்மேல் ஏற்றி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, முகம் அவரைப் பார்க்க, முதுகு ஓட்டலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அந்தப் பெட்டிக்கு முதுகுப் பலகை பாதிதான், மீதி திறந்திருக்கும். கனத்த ஒலி அந்த வழியாகவும் வெளியே வரும். கூர்மை மட்டும் திரும்பி வராது.

"என் மூஞ்சிக்கு நேராவா?" என்றார் கணவர்.

"நீ பண்ற சத்தம், நீயே வாங்கிக்கோ," என்றாள் நாத்தனார்.

அவர் ஒரே ஒரு தந்தியை மீட்டினார். பின்னால் இரண்டடி நகர்ந்தார். பிறகு, என் கல்யாண வாழ்க்கையில் நான் பார்த்திராத ஒன்று நடந்தது. அவர் ஆம்ப்பிடம் வந்தார். கை நீண்டது, குமிழைப் பிடித்தது, இறக்கியது. நான்கு. யோசித்து, மூன்றரை.

முதலில் ஜாஸ் பாட்டு. சங்கதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நடந்தன. நாத்தனாரின் குரல் அவற்றின்மேல் சாய்ந்துகொண்டு வந்தது. அடுத்து புளூஸ். அவர் அழுத்தி மீட்ட, ஒற்றைச் சுரம் குனிந்து, கரகரத்து, நீண்டது. அந்த நேரம் பார்த்து மறுபடி போன். முதலாளியம்மா எடுத்தார். "ஆறு பேருக்கா? சரி. காரம் கம்மியா, சரி. எதிர் வீட்டு மாடியா?" எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். முகவரிக்கு ஆட்டுகிறாரா, பாட்டுக்கு ஆட்டுகிறாரா என்று மூவரும் கவனித்தோம். போனை வைத்த பிறகும் தலை ஆடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. அவர் எழுந்து வந்து ஆம்ப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த நாற்காலி எனக்கு வேணும். கடை திறந்தா ஆளுங்க உக்காரணும். அடுத்த வாரத்துலேந்து உங்க வீட்லேந்து ஒண்ணு கொண்டாந்துடுங்க."

"அடுத்த வாரத்துலேந்தா?" என்றாள் நாத்தனார்.

"பன்னிரண்டரைக்கு வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த போனை எடுக்கப் போனார்.

வீட்டில் மொத்தம் மூன்று நாற்காலி. அன்று சாயங்காலமே மூன்றின்மேலும் ஆம்ப்பை ஏற்றிப் பார்த்தேன். மெத்தை வைத்தது தாழ்வு. டார்ச் அவர் வயிற்றில் விழுந்தது. இரும்பு நாற்காலி சரியான உயரம், ஆனால் ஒரு குறிப்பிட்ட சுரம் வந்தால் அதுவும் சேர்ந்து பாடியது. மரநாற்காலியும் அதே உயரம். அசையவில்லை, அதிரவில்லை.

"அது நான் உக்கார்ற நாற்காலி," என்றாள் நாத்தனார்.

"ஞாயித்துக்கிழமை நீ எப்படியும் நின்னுதானே பாடப்போற," என்றார் அண்ணன்.