தென்னைமரப் பீரங்கி

1.

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கெடுத்துவிட்டேன். 1951இல், இலங்கையின் பதுளையில் நான் பெட்டிஷன் எழுதிக்கொண்டிருந்தபோது, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ரெங்கசாமியின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில். இது இரண்டாவது முயற்சி.

யுத்த காலத்தில் எட்டு மாதம் அவன் பெயர் தோட்டத்து ஆள்வரவுப் பதிவான செக்ரோலில் இல்லை. அந்த எட்டு மாதமும் அவன் இந்தியாவில் இருந்தான் என்று அதிகாரி முடிவுகட்டினால், கண்ணாலும் காணாத அந்த இந்தியாவுக்கே கப்பலேற வேண்டியதுதான்.

2.

தொடக்கம்: 'திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் ஜப்பான் விமானங்கள் வெட்டுக்கிளிகளாய்...' (வேண்டாம். விண்ணப்பத்தையும் இப்படித்தான் தொடங்கினேன்.)

உண்மை இது. துறைமுகத்தைச் சுற்றிக் குன்றுகளில் பீரங்கிகள் வைத்தார்கள். போதவில்லை. மிச்ச இடங்களில் தென்னங்குற்றிக்குக் கறுப்புச் சாயம் பூசி, வானத்தைப் பார்த்துச் சாய்த்து, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினார்கள், மேலிருந்து பார்ப்பவன் பயப்படட்டும் என்று. அந்த எட்டு மாதமும் அங்கே கூலிக்குப் போய் அடுக்கியவன் ரெங்கசாமி. குண்டு விழுந்த அன்றைக்கும் அந்த மரத்தடியில்தான் கிடந்தான்.

"தென்னமரம்னு எழுதாதீங்கய்யா. வெளிய சொன்னா சுட்டுருவேன்னாரு தொரை."

"சண்டை முடிஞ்சு ஆறு வருசமாச்சே, ரெங்கசாமி."

"இனிமே சொல்லலாம்னு தொரை சொல்லலீங்களே."

அவன் மனைவி ரெங்கம்மா குறுக்கே புகுந்தாள். "எட்டு மாசம் மரத்துக்குக் காவ இருந்த மகராசன்! இங்க அடுப்புக்குச் சுள்ளி இல்ல."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஆகவே நிஜப் பீரங்கி என்றே எழுதினேன். எழுதியது சப்பென்று இருந்தது. அந்தப் பீரங்கியால் மூன்று விமானங்களை விழ வைத்தேன்.

(பக்கக் குறிப்பு: முதலில் ஐந்து. நம்பமாட்டார்கள் என்று இரண்டைப் பறக்கவிட்டேன்.)

3.

விசாரணை நாள். ரெங்கம்மா சட்டிபானையைக்கூட மூட்டை கட்டிக்கொண்டு வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"மூன்று விமானமா? அந்தப் பீரங்கிக்கு எப்படிக் குண்டு போடுவது? சொல்லு" என்றார் அதிகாரி.

ரெங்கசாமி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"பொய் என்று எழுதவா?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

முடிவு ஒன்று: அவன் வாய் திறக்கவில்லை, கப்பல்... (அடித்துவிட்டேன்.) முடிவு இரண்டு: அதிகாரி எழுந்து அவனுக்குக் கைகொடுக்கிறார். (இது அந்த மூன்று விமானங்களின் தம்பி.)

நான் கண்டது இவ்வளவு. ரெங்கசாமி, ஜன்னல் பக்கம் துப்பாக்கியோடு எவனும் நிற்கிறானா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

"சுடமாட்டீங்கன்னா சொல்றேங்கய்யா. அது பீரங்கியே இல்லீங்க. தென்னமரம்."

அதிகாரி என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. மூன்று விமானம் விழுத்தியவன் நான். அதிகாரியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பேனா திறந்தே இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம்: கட்டின மூட்டையை அவிழ்க்கலாமா என்று ரெங்கம்மா வெளியே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.