எட்டாவது தூண்

கட்டட இன்ஜினியர்கள் மத்தியில் எனக்குக் கஞ்சன் என்று பெயர். காசில் இல்லை, கையெழுத்தில். மாடியில் சோலார் பேனல் வைக்க வேண்டுமென்றால், வீடு அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று ஒரு இன்ஜினியர் சான்று தர வேண்டும். அது இல்லாமல் அனுமதி கிடைக்காது. போட்டோவைப் பார்த்தே சான்று தருகிற மகராசன்கள் இருக்கிறார்கள். நான் நேரில் பார்க்காமல் பேனாவைத் திறக்கவே மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அக்கா வீட்டு விண்ணப்பத்துக்கும் அப்படித்தான் போனேன். முதுகெலும்பில் அடிபட்ட மாமா பல வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இரண்டு வருடமாக மூச்சுக்கும் ஒரு மிஷின். கரண்ட் போனால் அதன் பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும். பெரிய பேட்டரியோடு பேனல் வந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று அக்கா சொல்லியிருந்தாள். பேனல் மாட்டுகிறவர் சாமான்களை இறக்கவே தொடங்கிவிட்டார்.

மொட்டை மாடியில் குறை ஒன்றும் தெரியவில்லை. கீழே வந்து வரைபடத்தை விரித்துத் தூண்களை எண்ணினேன். வரைபடத்தில் எட்டு, வீட்டில் ஏழு. மறுபடி எண்ணினேன். ஹால் நடுவில் இருக்க வேண்டியதைக் காணோம். உத்தரத்தின் அடியில் நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு விரற்கடை தொய்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே மாமாவின் கட்டில்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எந்த மடையன் தூணை எடுக்கச் சொன்னான் என்று கத்தினேன். ஊரிலுள்ள கொத்தனார்களையெல்லாம் சேர்த்துத் திட்டினேன். அக்கா மாமாவின் போர்வையை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"நீதான்டா சொன்னே. எட்டு வருஷத்துக்கு முன்னாடி போன்ல கேட்டேன். ஹால்ல ஒரு தூண் இருக்கு, நாற்காலி திரும்ப மாட்டேங்குதுன்னேன். மெலிசா இருந்தா அழகுக்கு வச்சதாத்தான் இருக்கும், எடுத்துடுன்னே. ஏதோ வேலைல இருந்தே, பின்னாடி ஒரே சத்தம்."

எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருக்கிற அளவுக்குக்கூட நான் அன்று யோசிக்கவில்லை. அவளோ தம்பி சொல்லிவிட்டான் என்று எட்டு வருடம் அந்த உத்தரத்துக்குக் கீழே நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

பேனல்காரரைத் திருப்பி அனுப்பினேன். மாமாவின் கட்டிலைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். பாரம் குறையட்டும் என்று மேலே தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உத்தரத்துக்கு இரும்பு முட்டுக் கொடுக்க ஆள் வரச் சொன்னேன். பிறகு விண்ணப்பத்தை எடுத்தேன். கட்டிய பின் மாற்றம் ஏதேனும் உண்டா, யார் ஆலோசனையில் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள். நாங்களாகவே எடுத்தோம் என்று எழுதிவிடு, உன் லைசென்சுக்கு எதற்கு வம்பு என்றாள். நான் என் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எழுதினேன். தூணை எடுக்கச் சொன்னவனே சான்று தர முடியாது, இனி வேறொரு இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். இரும்பு உத்தரம் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் பேனல்.

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மாசம்க்கா. அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

போன மாதம் ஒரு நாள் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை என்று மட்டும் சொன்னாள். அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் பையை எடுத்து வந்தாள். அதன் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் இருந்தது. பேட்டரி தீர்ந்த பிறகு, அந்தக் கடைசி ஒரு மணி நேரம் இதைக் கையால் அமுக்கி அமுக்கித்தான் மாமாவுக்கு மூச்சுக் கொடுத்திருக்கிறாள். பையை என் கையில் வைத்தாள்.

"வேகமா அமுக்காதே. அவர் நெஞ்சைப் பாத்துக்கிட்டே அமுக்கு. நடுவுல போன் வந்தா எடுக்காதே."