நயோமியின் லொக்கரில் ஒரு சுவஸ்திகம்

இராஜேஸ்வரி என் வீட்டுக்கு ஓடிவந்த வேகத்தில், நாங்கள் குடியேறிய மல்வேர்னில் பாதி மரங்கள் இலை உதிர்த்தன. நான் கோயில் செயலாளர், ஓய்வுபெற்றவன். கடிதத் தலைப்பும் முத்திரையும் என் மேசை லாச்சியில்தான் இருக்கின்றன.

“அங்கிள், எங்கட மகன் பிரசாந் பள்ளிக்கூடத்தில ஒரு யூதப் பிள்ளையின்ர லொக்கரில சுவஸ்திகம் கீறிப்போட்டான். இப்ப சட்டம் சரியான இறுக்கமாம். இனவெறுப்பெண்டு பைலில ஏத்தினா யூனிவர்சிற்றி போச்சு. உது எங்கட சமயச் சின்னமெண்டு ஒரு கடிதம் தாங்கோ.”

“ஏன் கீறினவன்?”

“பகிடிக்கு.”

அவ்வளவுதான் கேட்டேன். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கொண்டாட்டம். சுவஸ்திகத்துக்கு ஐயாயிரம் வயது என்று தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் பத்தாயிரமாக்கினேன். அது இல்லாமல் தமிழன் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை என்று நான்காம் பக்கத்தில் முடித்து, முத்திரையை இரண்டு தரம் குத்தினேன்.

பள்ளி அதிபரின் அறையில் அந்தப் பிள்ளை நயோமி, தகப்பனோடு இருந்தாள். கடிதத்தைப் படித்த அதிபரின் முகம் மலர்ந்தது. “சமயத்தையும் இதே சட்டம்தான் பாதுகாக்கிறது,” என்றார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் ‘பயங்கரவாதி’ என்று கூப்பிட்ட காலத்தில், இப்படியொரு பாதுகாப்புக் கேட்டுக் குளிருக்குள் வீடுவீடாகக் கையெழுத்துச் சேர்த்தவன் நான்.

நயோமி தன் தொலைபேசியை என் பக்கம் தள்ளினாள். அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். கறுப்பு மையில், நாஜிகளின் கொடியில் இருந்ததுபோலச் சரித்துக் கீறிய சின்னம். அதன் கீழே, ‘அடுத்த நச்சுவாயு அறை உனக்கு.’

“இதை உங்கள் கோயில் வாசலில் மாட்டுவீர்களா?” என்று கேட்டாள்.

“கீழ எழுதினது இவனில்லை!” என்று பாய்ந்தாள் இராஜேஸ்வரி. பிரசாந் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

அதிபர் என்னிடம் திரும்பினார். “சின்னம் உங்களுடையதுதானே?”

“ஓம்,” என்றேன்.

கோப்பு மூடப்பட்டது. அடுத்த மாதம் நயோமி வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். பிரசாந்துக்கு யூனிவர்சிற்றி கிடைத்தது. கோயில் சபையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

போன கிழமை பிக்கரிங்கிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தாய் தொலைபேசி எடுத்தாள். “அங்கிள், இராஜேஸ்வரி அக்காவுக்குக் குடுத்த கடிதத்தில எங்கட மகனுக்கும் ஒண்டு வேணும்.”

“பிள்ளை, முதல்ல படத்தை அனுப்புங்கோ. பாத்திட்டுத்தான் எழுதுவன்.”

“படம் என்னத்துக்கு அங்கிள்? பேரை மட்டும் மாத்தினாக் காணுமே!”