பத்தாம் எண் சட்டையில் ஆடியவர்

1

இந்தக் கதை பொறாமையிலிருந்து வந்தது. கால்பந்திலிருந்து வந்தது என்று சொல்லத்தான் ஆசை.

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்க்கிறவன் நான். முப்பத்தோரு வருடமாக அதே நாற்காலி. ஆட்டங்கள் இல்லாத வாரங்களில் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அப்போது கைகொடுப்பதற்கென்றே ஒரு கட்டுரை உண்டு: எக்காலத்துக்கும் சிறந்த ஆட்டக்காரர் யார், பழையவரா, புதியவரா?* இரண்டு படம், நடுவில் ஒரு கட்டம், கோல் எத்தனை, கோப்பை எத்தனை. வாசகர்கள் ஒரு மாதத்துக்கு அடித்துக்கொள்வார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கட்டுரையை எழுதினேன். அதோடு என் அண்ணன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

(இவ்வளவு சீக்கிரம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பக்கம் ஆறு மணிக்கு அச்சுக்குப் போகிறது. இப்போதே மணி நாலு.)

* பெயர்களைப் போட மாட்டேன். போட்டால் நீங்கள் கதையை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போய்விடுவீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மைதானத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. எட்டு வயதுப் பையன் தன் தந்தையின் தோளில் உட்கார்ந்து..."

அடித்துவிட்டேன். மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது அம்மா வயிற்றில் இருந்தேன்.

2, மறுபடியும்

அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பழையவரின் கிளப் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆட வந்தது. அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அண்ணனை அழைத்துப் போனார். நிற்கத்தான் இடம் கிடைத்தது. தொண்ணூறு நிமிடமும் அண்ணன் அப்பாவின் தோளில். பத்தாம் எண் சட்டை இரண்டு கோல் போட்டது. இரண்டாவது கோலுக்கு அப்பா குதித்த குதியில் அண்ணன் தலைகுப்புற விழப் பார்த்தாராம். அடுத்த வருடம் அப்பா இறந்துபோனார். எனக்கு அப்போது ஏழு மாதம்.

வளர்ந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் உருப்படியாகப் பேசிக்கொண்டது இந்த ஒரு விஷயத்தைத்தான். நான் புதியவர் கட்சி. இன்றைய தடுப்பாட்டக்காரன் ஒவ்வொருவனும் குதிரை மாதிரி ஓடுகிறான், அவர்களைத் தாண்டிக் கோல் போட உன் ஆளால் முடியுமா என்பேன். அந்தக் காலத்துப் பந்து மழையில் நனைந்தால் கல், காலை ஒடித்தாலும் நடுவர் வேறு பக்கம் பார்ப்பார், அதில் ஆட உன் ஆளால் முடியுமா என்பார் அவர். மாட்டிக்கொண்டால் கடைசியில் ஒன்று எடுத்து வீசுவார்.

"நான் நேர்ல பார்த்தவன்டா. நீ டிவில பார்த்தவன்."

பதினாறு கேமரா வைத்துக் காட்டினாலும் அதற்கு ஈடாகாது. அவர் பழையவரை மட்டும் சொல்லவில்லை என்று தோன்றும். [இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா? உங்களுக்கு எப்போதோ புரிந்திருக்கும். எனக்குப் புரிய முப்பது வருடம் ஆனது, அதனால் இருக்கட்டும்.]

3

கட்டுரைக்காக அலுவலகத்தின் பழைய பேப்பர் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தின் செய்தி கிடைத்தது. நாலே வரி. "காயம் காரணமாக நட்சத்திர வீரர் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார். பத்தாம் எண்ணில் வேறொருவர் ஆடினார்."

எனக்கு வருத்தம் வந்தது என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். பொய். சந்தோஷம்தான் வந்தது. வயிறு குளிர்ந்தது. அப்பா தோளில் உட்கார்ந்து நீ பார்த்தது யாரோ ஒரு ஆளை, நீயும் என்னை மாதிரி ஒன்றையும் பார்க்காதவன்தான்!

கட்டுரையை இப்படி முடித்தேன்: "அன்று அரங்கமே கைதட்டியது ஒரு மாற்று ஆட்டக்காரருக்கு. வீடு திரும்பும் வழியில் எத்தனை அப்பாக்கள் பிள்ளைகளிடம் பொய் சொன்னார்களோ!" ஆசிரியர் கடைசி வரி பிரமாதம் என்றார். அண்ணன் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறவர். காலை ஏழு மணிக்குப் போன் வரும், கத்துவார், நான் சிரிப்பேன் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆறு வருடமாக வரவில்லை.

5

(நான்கை எடுத்துவிட்டேன். அதில் அண்ணி அழுகிறார். உண்மையில் அவர் அழவே இல்லை, நான்தான் அழவைத்துவிட்டேன்.)

நேற்று அண்ணி போன் செய்தார். டாக்டர் அண்ணனை இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"கண்ணும் சுத்தமா தெரியல தம்பி. பேப்பர் படின்றார். நான் படிச்சா கோல்கீப்பரைக் கோல் போட வெச்சிடறேன்னு திட்டறார். நீங்க வந்து படிச்சுக் காட்டுங்களேன்."

எங்கள் தொழிலில் தப்பு நேர்ந்தால் பக்கத்தின் கீழ் மூலையில் இரண்டு வரி போடுவோம். அதற்குப் பெயர் திருத்தம். நேற்று சாயங்காலம் ஒரு திருத்தம் அடித்தேன்: அன்று ஆடியது பழையவரேதான், தவறுக்கு வருந்துகிறோம் என்று. அச்சுக்கு அல்ல. சட்டைப் பையில் வைத்துக்கொண்டுபோய் அண்ணனுக்குப் படித்துக் காட்ட. கண் தெரியாதவருக்கு இல்லாத செய்தியைப் படிப்பது. இதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை நான் செய்ததில்லை.

இன்று காலை போனேன். ஜன்னலோரக் கட்டில். போர்வைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது. நேற்றைய முடிவுகள் எல்லாவற்றையும் படித்தேன். பேப்பரிலிருந்து படிப்பதுபோலவே என் காகிதத்தையும் படித்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"டேய், அவன் ஆடலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். அப்பா சட்டென்று அண்ணனின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினாராம். ஆனாலும் கேட்டுவிட்டது. பிறகு கையை எடுத்து, அதோ பார் பத்தாம் நம்பர், அவன்தான் என்றாராம். அண்ணன் ஆமாம் என்றார். ஐம்பத்தெட்டு வருடமும் ஆமாம் என்றே சொல்லி வந்திருக்கிறார்.

"அப்பா எனக்குன்னு சொன்ன பொய்டா அது. எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். அதைக் கொண்டுபோய் பேப்பர்ல போட்டுட்டியே."

நான் பேப்பரை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். மன்னிப்பு கேட்டேன் என்று இங்கே எழுதலாம். கேட்கவில்லை. அண்ணி தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

போகலாம் என்று எழுந்தபோது அண்ணன் கேட்டார்.

"அந்த மாத்து ஆளு பேரு என்ன?"

தெரியாது என்றேன்.

"நல்லா ஆடினான்டா. உன் கட்டத்துல பழையவன் இருக்கான், புதியவன் இருக்கான், இவன் எங்கேயும் இல்ல. அப்பா குதிச்சது இவனுக்குத்தான். பேரைக் கண்டுபிடிச்சுத் திருத்தம் போடு. நிஜத் திருத்தம். நாளைக்கு வந்து படி."

6

காலையிலிருந்து தேடுகிறேன். எங்கள் பேப்பரில் "வேறொருவர்" என்றுதான் இருக்கிறது. அதை எழுதியவர் எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர். அவருக்கும் பக்கம் ஆறு மணிக்குப் போயிருக்கும். நானும் "மாற்று ஆட்டக்காரர்" என்று எழுதிவிட்டு ஜோலியைப் பார்த்தவன்தானே? மற்றப் பத்திரிகைகளின் கட்டுகள் கரையானுக்குப் போயின. அந்தக் கிளப் கலைந்து இருபது வருடம் ஆகிறது.

ஆக, கதைக்கு முடிவுகள்.

பெயர் கிடைக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறேன். அண்ணன் "சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்த "சரி" இன்னொரு ஆறு வருடத்துக்கு நீளாது, அவருக்கு அவ்வளவு நாள் கிடையாது.

அல்லது ஒரு பெயரை நானே வைத்துவிடுகிறேன். நம்பிவிடுவார். நம்பாவிட்டாலும் ஆமாம் என்பார், எட்டு வயதிலிருந்து பழக்கம். அப்போது நான் அப்பா நின்ற இடத்தில் நிற்பேன், அண்ணனின் காதுகள் என் உள்ளங்கைக்குள் இருக்கும். பார்த்த நினைவே இல்லாத மனிதரோடு அந்த ஒரு இடத்திலாவது சேர்ந்து நிற்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது.

அல்லது ஆறு மணிக்கு முன்னால் அண்ணியிடமிருந்து போன்... இதை எழுத மாட்டேன்.

மணி ஐந்தே முக்கால். கீழ் மூலையில் இடம் விட்டிருக்கிறேன்.

திருத்தம்: ஆறு ஆண்டுகளுக்கு முன் இப்பக்கத்தில் 'மாற்று ஆட்டக்காரர்' என்று மட்டும் குறிப்பிடப்பட்டவரின் பெயர் ______________. அன்று அவர் இரண்டு கோல் போட்டார். தவறுக்கு வருந்துகிறோம்.

கோடு போட்ட இடத்தில் ஒரு பெயர் வேண்டும். சொல்லுங்கள். நாளைக் காலை அதை அவருக்குச் சத்தமாகப் படிக்க வேண்டும்.