நந்தசீலி தூங்கிய மதியம்

சுமனபால பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷமும் சொச்சமும் ஆகியிருந்தன. காலி நகருக்குப் போகும் வீதியில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். இப்போது வலது பக்கம் மரத்துப்போய், பேச்சும் குழறி, முன் அறைக் கட்டிலில் கிடந்தார். கழுவுவது, ஊட்டுவது, புரட்டுவது எல்லாம் மனைவி நந்தசீலிதான். ஒரே மகள் குவைத்தில். ராத்திரி இரண்டு தடவை எழுந்து புரட்டாவிட்டால் அவர் முதுகில் புண் வந்துவிடும். ஐம்பத்து நான்கு வயதில் நந்தசீலி நின்றபடியே கண்ணயரப் பழகியிருந்தாள். ஒருநாள் அடுப்படியில் அப்படி அசந்து, பருப்பு அடிப்பிடித்த நாற்றத்தில்தான் விழித்தாள்.

ஒரு புதன்கிழமை சுமனபாலவின் தங்கை குணவதி மாத்தறையிலிருந்து வந்து இறங்கினாள். கையில் ஒரு பை றம்புட்டான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன அண்ணி, அண்ணன் இப்படி மெலிஞ்சு போயிருக்கு? நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கிறதில்லையா?"

"குடுக்கிறேன் தங்கச்சி. அவருக்கு விழுங்க முடியல."

"உங்க மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல. எங்கேயாவது போயிட்டு வாங்க. விகாரைக்காவது போங்க. இன்னைக்கு நான் பார்த்துக்கிறேன்."

"தூக்கும்போது இடுப்புத் துணியைப் பிடிச்சுத் தூக்கணும், இல்லாட்டி..."

"எங்க அண்ணனைத் தூக்க எனக்கா சொல்லித் தர்றீங்க? போங்க அண்ணி!"

நந்தசீலி விகாரைக்குப் போகும் வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். வீட்டு வாசலைத் தாண்டியதும் கால்களுக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. குளத்தோரம் இறங்கி நாலு அல்லி பறித்துக்கொண்டு விகாரைப் படிகளில் ஏறினாள். பௌர்ணமிப் போயா நாளும் இல்லை, பிள்ளைகள் வேண்டிக்கொள்ள வரும் பரீட்சைக் காலமும் இல்லை. படியெங்கும் காய்ந்த அரசிலை. எண்பது படிக்கு அவள் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

புத்தர் அறைக்குள் அவள் ஒருத்திதான். பூக்களைப் பீடத்தில் வைத்துக் கை கூப்பினாள். 'அவருக்குச் சுகமாகட்டும்' என்று சொல்லத்தான் வந்தாள். ஆனால் மனசுக்குள் ஓடியது வேறு. 'சீக்கிரம் முடிஞ்சிடட்டும்.' ஓடிய வேகத்தில் அது நின்றும் விட்டது. ஆனாலும் ஓடியது ஓடியதுதான். நந்தசீலி கூப்பிய கையைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தாள். காது இரண்டும் சுட்டன.

வெளியே விகாரைப் பிக்கு சோரத தேரர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவளைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒரு வாரமாகக் காய்ச்சல். நாலு இழுப்புக்கு ஒருதரம் விளக்குமாற்றை ஊன்றி மூச்சு வாங்கினார். நந்தசீலி குனிந்து வணங்கினாள்.

"சுகமா இருங்க, உபாசகம்மா."

கிழவிகளைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அவளை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை.

"சாமிக்கு உடம்பு சரியில்ல போல. விளக்குமாத்தைக் குடுங்க, நான் கூட்டுறேன். கொத்தமல்லித் தண்ணி ஏதும் குடிச்சீங்களா? நான் போட்டுத் தரவா?"

"நீங்க இங்கே வேலை செய்யவா வந்தீங்க?"

அவ்வளவுதான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே என்ன நினைத்தாள் என்பதையும் சொல்லிவிட்டாள். "கட்டின புருஷன் சாகட்டும்னு புத்தர் முன்னாலேயே நினைச்சுட்டேன் சாமி. இந்தப் பாவத்தை எங்கே கொண்டு போய்த் தொலைப்பேன்?"

தேரர் விளக்குமாற்றை மதிலில் சாத்தினார். பிறகு கேட்டார், "ராத்திரியில அவரை யார் புரட்டுறது?"

"நான்தான்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு. சில நாள் மூணு."

"நேத்து?"

"மூணு."

"அப்போ முதல்ல தூங்குங்க. பாவத்தைப் பத்தி எழும்பினதுக்கு அப்புறம் பேசலாம். எனக்கும் இப்போ நின்னு பேசத் தெம்பில்லை."

உபதேச மண்டபத்தில் பாய் இருந்தது. ஐந்து நிமிஷம் என்றுதான் சாய்ந்தாள். சிமெந்துத் தரை குளிர்ச்சியாக இருந்தது. எங்கேயோ ஒரு செண்பகப் பறவை கூப்பிட்டது. அது கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் தூக்கத்துக்குள் போய்விட்டாள்.

விழித்தபோது வெயில் தென்னைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. பாய் ஓரத்தில் விகாரை நாய் அவள் காலடியில் முதுகை ஒட்டிக்கொண்டு கிடந்தது. தேரரின் அறைக்கதவு சாத்தியிருந்தது; உள்ளே இருமல் சத்தம். தட்டுவதா என்று யோசித்துவிட்டு, தட்டாமல் படியிறங்கினாள். பாவத்தைப் பற்றிய பேச்சு அப்படியே நின்றுபோனது. குணவதி என்ன சொல்லித் திட்டுவாள் என்பதே இப்போது பெரிய கவலையாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவள் திகைத்துப் போனாள். கட்டிலில் சுமனபால பாதி உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். கீழே பாயில் குணவதி மல்லாக்கப் படுத்து முனகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! என் இடுப்பு போச்சு! ஒரே ஒரு தடவைதான் தூக்கினேன், டக்குனு பிடிச்சுக்கிச்சு. பதினோரு மணியிலிருந்து இப்படியே கிடக்கிறேன். அதுக்கு முன்னால ஊட்டினப்போ அண்ணன் வேற ஒரு வாய்கூட வாங்கல, எல்லாத்தையும் என் மேலேயே துப்பிட்டுது!"

குணவதியின் சட்டை முழுக்கச் சோறு. நந்தசீலி கட்டிலைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். நேற்றுவரை ஒரு நோயாளி, இன்றைக்கு இரண்டு. அவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கட்டிலிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. சுமனபால கோணிய வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் சிரித்து அவள் கேட்டதில்லை.

"சிரிங்க, ரெண்டு பேரும் நல்லாச் சிரிங்க," என்று குணவதி அழுகிற குரலில் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "இதை எப்படி அண்ணி தினமும் செய்யறீங்க?" என்றாள்.

நந்தசீலி இடுப்புத் துணியைப் பிடித்துக் கணவனை நேராக்கினாள். பிறகு தைலத்தைச் சுடவைத்து நாத்தனாரின் இடுப்பில் தேய்த்தாள்.

குணவதி நாலு நாள் அங்கேயே கிடந்தாள். எழுந்து உட்கார முடிந்ததும் முதல் காரியமாகத் தம்பி ரத்னசிறிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் வசை பாடினாள். அதற்கப்புறம் சனிக்கிழமை ராத்திரிகளில் ரத்னசிறி வந்து தங்கினான். அண்ணனைப் புரட்டினான், சரியாக இல்லை என்றாலும் புரட்டினான். மற்ற ஆறு ராத்திரியும் நந்தசீலிதான் எழுந்தாள். சனிக்கிழமைகளில் மட்டும் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்கினாள்.