மூன்றாம் ஓலையில் ஒரு தடை

1.

விராலிமலை மயில்கள் அத்தனையும், ஒரு குஞ்சுகூடப் பாக்கியில்லாமல், பறந்து வந்து எங்கள் தேவாலயக் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமையில், என் மகன் அருள்தாஸ் தன் கல்யாணத்துக்குத் தானே எழுந்து தடை சொன்னான்.

இந்தக் கதையை இப்படித்தான் ஆரம்பித்தேன். என் மனைவி கிருபாவதி வாசித்துவிட்டு, "புளுகு" என்றாள்.

"மயிலா?"

"எல்லாமேதாங்க. அவன் எந்திரிக்கவே இல்ல."

மயிலை அடித்துவிட்டேன். [வாசகரே, எனக்கு உயிரே போயிற்று.] முப்பது வருஷம் புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, டிக்கெட்டோடு ஆளுக்கொரு புளுகும் கிழித்துக் கொடுத்தவன் நான். இப்போது ஒரே ஓர் உண்மையைக் கையில் வைத்திருக்கிறேன், வாங்க ஆளில்லை.

2.

மயிலில்லாத வரைவு.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது எங்கள் சபை வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர் சொல்லலாம் என்பார் போதகர். யாரும் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. அந்த இடைவெளியில்தான் நாங்கள் இருமி முடிப்போம். மணப்பெண் ஷர்லிக்கு அவள் ஊர் ஆலயத்தில் அதே நேரம் ஓலை. மூன்றாவது வாரம், இருமலுக்கு நடுவே அருள்தாஸ் எழுந்தான்.

"ஐயா, தடை இருக்கு. எனக்கு ஆம்பளைங்க மேலதான் மனசு போவுது. பதினாறு வயசுல இரட்சிக்கப்பட்டேன். அப்பவும் இப்படித்தான் இருந்தேன். ஆண்டவர் என்னையத் தள்ளல. அவரு முன்னாடி நின்னு அந்தப் புள்ளைக்குப் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்."

"தம்பி, உக்காருங்க" என்றார் போதகர்.

அவன் உட்காரவில்லை. "இன்னொண்ணு இருக்கு. அது எங்க அம்மாவுக்கு. நான்

[இந்த வாக்கியத்தைப் பதினேழு விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் அவன் குரல் இல்லை. அன்று எனக்குக் கேட்கவில்லை. சபை திடீரென்று பாட ஆரம்பித்துவிட்டது.]

3.

கல்யாணம் நின்றது. மறுநாளே அவன் ஓசூருக்கு பஸ் ஏறினான். ஆயிற்று இரண்டு வருஷம்.

கேட்டவர்களிடமெல்லாம், "பொண்ணு வீட்டுல மனசு மாறிட்டாங்க" என்றாள் கிருபாவதி. அவன் சொன்னதைக் கேட்ட நூறு பேரும் கேட்காதவர்களாகிவிட்டார்கள். உபவாச ஜெபத்தில் சபை மூப்பர் ஒருவர் மட்டும் "அந்த ஆவி அவன விட்டுப் போவட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அப்போது அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள்.

போன மாதம் போனில் சொன்னான்: "நான் பேசினது நடந்துச்சுன்னு அம்மா ஒரு வாட்டி சொல்லட்டும்ப்பா. அப்ப கிறிஸ்மஸுக்கு வாரேன்."

அதற்காகத்தான் இந்தக் கதை. இலக்கியத்துக்காக என்று முதலில் உங்களிடம் சொல்லலாமென்று இருந்தேன்.

4.

முடிவுகள்.

அ) வருகிறான். சபையே எழுந்து கைதட்டுகிறது. [இது மயிலைவிடப் பெரிய புளுகு.]

ஆ) வரவில்லை. நாங்கள் இருவரும் அவன் தட்டை [கிழித்துவிட்டேன்.]

இ) இதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது நேற்றுவரைதான்.

நேற்று கேட்டேன்: "கிருபா, நீயும் அங்கதானே இருந்த?"

"அவன் அப்படிச் சொன்னது நெசமுன்னா, அவனுக்குப் பரலோகம் இல்லங்கிறாங்க. சொல்லலன்னா இருக்குல்ல? நான் மட்டும் அங்கிட்டுப் போயி யாரு மொகத்தப் பாக்கறதுங்க?"

எனக்குப் புளுகு ஒன்றும் வரவில்லை. "ஆண்டவர் தள்ளலன்னும் அவன் சொன்னானே" என்றேன்.

அவள் காகிதங்களைப் புரட்டினாள். முடியாத வாக்கியத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இங்க என்ன போடப் போறீங்க?"

"தெரியல. பாட்டுச் சத்தத்துல கேக்கல."

அவள் விரலை எடுக்கவில்லை.

"அந்தப் பாட்ட மொதல்ல எடுத்தது நான்தாங்க. மேக்கொண்டு பேச விடக் கூடாதுன்னு எடுத்தேன். என்ன சொல்ல வந்தானோ எனக்கும் தெரியாது" என்றாள். "அவன் எந்திரிச்சான். சொன்னான். நடந்துச்சு."